பி.காம். முதல் ஆண்டு: எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது?

கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே சிலபஸ் தாள் கைக்கு வந்துவிடும். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-இல் முதன்மைப் பாடங்களும் விருப்பப் பாடமும், பகுதி 4-இல் திறன் வளர்ப்பு, சுற்றுச்சூழல் என்று சில. தாளில் பார்த்தால் எல்லாம் ஒரே வரிசையில் சமமாக நிற்பது போலத் தெரியும். உண்மையில் அவற்றில் ஒன்றுக்கு மட்டும் தனி எடை உண்டு. அது நிதிக் கணக்கியல், மாணவர் பேச்சில் ஃபைனான்சியல் அக்கவுண்டிங். இரண்டாம் ஆண்டின் கம்பெனிக் கணக்கு, மூன்றாம் ஆண்டின் அடக்கக் கணக்கு, மேலாண்மைக் கணக்கு, தணிக்கை எல்லாம் இதன் மேல்தான் உட்காருகின்றன. மற்ற பாடங்களைக் கோட்டை விட்டால்கூடத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் இழுத்துப் பிடித்துவிடலாம். இதில் அது நடக்காது.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பி.பி.ஏ. படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; அங்கே மேலாண்மை கூடுதல், கணக்கு கொஞ்சம் குறைவு. எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் வரும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் இன்னும் மாறும். படிக்கும் முறை மாறாது.

முதல் படி: பாடங்களை மூன்றாகப் பிரியுங்கள்

சிலபஸ் தாளை எடுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். நிதிக் கணக்கியல், புள்ளியியல், வணிகக் கணிதம் ஆகியவை கையால் போட்டுப் பழக வேண்டியவை. வணிகச் சட்டமும் வணிகப் பொருளியலும் புரிந்துகொண்டு சொந்த நடையில் எழுத வேண்டியவை. மேலாண்மைக் கோட்பாடுகள், வணிகத் தகவல் தொடர்பு போன்றவை படித்தாலே போதும் என்ற வகை.

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மூன்று வகையையும் ஒரே மாதிரி படிப்பார்கள், அதாவது கைடை வாங்கி மனப்பாடம் செய்வார்கள். கணக்கைப் பார்த்துப் பார்த்துப் படித்தால், படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். வெள்ளைத் தாளை முன்னால் வைத்தால் முதல் பதிவே வராது.

அப்புறம் மதிப்பெண் கணக்கு. பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. மொத்தத்தில் 40 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 24 வைத்துக்கொண்டு 28 வாங்கி அரியர் வைப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். உங்கள் கல்லூரி விதி என்ன என்பதை முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் பழைய வினாத்தாள் கட்டு இருக்கும். நான்கைந்து ஆண்டுகளுடையதை நகல் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: கணக்கியலை ஒரு சின்னக் கடையிலிருந்து தொடங்குங்கள்

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு முதல் மாதம் பழைய சோறுதான். அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு டெபிட், கிரெடிட் என்ற இரண்டு சொல்லே சுவராக நிற்கும். பள்ளியில் தமிழ் வழியில் பற்று, வரவு என்று படித்தவர்கள் ஒரு பக்கம் தமிழ்ச் சொல், எதிர்ப் பக்கம் கல்லூரியில் சொல்லும் சொல் என்று சின்ன நோட்டு ஒன்று போட்டு வைத்தால் ஒரு மாதத்தில் பயம் தெளிந்துவிடும்.

விதிகள் மூன்றே. ஆள்சார் கணக்கு என்றால் பெறுபவர் பற்று, தருபவர் வரவு. சொத்துக் கணக்கு என்றால் உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. பெயரளவுக் கணக்கு என்றால் செலவும் நட்டமும் பற்று, வருமானமும் இலாபமும் வரவு. ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு கணக்கைத் தொடும். இந்த இரட்டைப் பதிவு முறையை லூகா பசியோலி 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் விளக்கி எழுதினார். அதை அவர் கண்டுபிடிக்கவில்லை, வெனிஸ் வணிகர்கள் முன்பே பயன்படுத்தியதைத்தான் எழுதிவைத்தார். இரண்டு மதிப்பெண் கேள்வியில் இதைத் தப்பாக எழுதுபவர்கள் நிறைய.

விதியை ஒப்பித்தால் போதாது. ஒரு கடையை எடுத்துக் கடைசி வரை போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று ஒருவர் 1,00,000 ரூபாய் ரொக்கத்தோடு மளிகைக் கடை தொடங்குகிறார். 3-ஆம் தேதி ரொக்கத்துக்கு 40,000 ரூபாய் சரக்கு வாங்குகிறார். 5-ஆம் தேதி மொத்த வியாபாரியிடம் கடனுக்கு 20,000 ரூபாய் சரக்கு. 10-ஆம் தேதி ரொக்க விற்பனை 50,000. 15-ஆம் தேதி ஒரு மெஸ்ஸுக்குக் கடனுக்கு 15,000 ரூபாய் விற்பனை. 30-ஆம் தேதி வாடகை 5,000, பையனுக்குச் சம்பளம் 6,000. மாதக் கடைசியில் கடையில் மிச்சமிருக்கும் சரக்கு 12,000 ரூபாய் பெறும். மின்கட்டணம் 1,000 ரூபாய் இன்னும் கட்டவில்லை.

முதலில் நடவடிக்கைகளைத் தேதி வரிசையில் எழுதும் குறிப்பேட்டில் (ஜர்னல்) ஏழு பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் விளக்கக் குறிப்பு ஒரு வரி எழுதுங்கள். அதை விட்டால் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். பிறகு அவற்றைக் கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு (லெட்ஜர்). ரொக்கக் கணக்கில் 1,00,000 வந்தது, 40,000 போனது, 50,000 வந்தது, வாடகையும் சம்பளமுமாக 11,000 போனது, மீதி 99,000. கொள்முதல் 60,000. விற்பனை 65,000.

எல்லாக் கணக்குகளின் மீதியையும் ஒரே பட்டியலில் வைக்கும் இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்) போடுங்கள். பற்றுப் பக்கம் ரொக்கம் 99,000, கொள்முதல் 60,000, மெஸ்காரர் தர வேண்டியது 15,000, வாடகை 5,000, சம்பளம் 6,000, ஆக 1,85,000. வரவுப் பக்கம் முதல் 1,00,000, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 20,000, விற்பனை 65,000, அதுவும் 1,85,000. டேலி ஆகிவிட்டது.

இனி வியாபாரக் கணக்கு. விற்பனை 65,000, இறுதிச் சரக்கிருப்பு 12,000, இரண்டும் சேர்ந்து 77,000. அதில் கொள்முதல் 60,000 போக மொத்த இலாபம் 17,000. இலாப நட்டக் கணக்கில் வாடகை, சம்பளம், கட்டாத மின்கட்டணம் சேர்த்து 12,000 போக நிகர இலாபம் 5,000. இருப்புநிலைக் குறிப்பில் சொத்து: ரொக்கம் 99,000, கடனாளி 15,000, சரக்கு 12,000, மொத்தம் 1,26,000. பொறுப்பு: முதலும் இலாபமும் 1,05,000, கடனீந்தோர் 20,000, கொடுபட வேண்டிய மின்கட்டணம் 1,000, அதே 1,26,000.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கடைக்காரருக்கு இலாபம் 5,000. ஆனால் கல்லாவில் ஏப்ரல் 1-ஆம் தேதி இருந்ததைவிட 1,000 ரூபாய் குறைவு. இலாபம் எங்கே போயிற்று? மெஸ்காரரிடம் 15,000 நிற்கிறது, அலமாரியில் 12,000 சரக்காக நிற்கிறது. எதிர்ப்பக்கம் மொத்த வியாபாரிக்கும் மின்வாரியத்துக்கும் சேர்த்து 21,000 இன்னும் கொடுக்கவில்லை. இந்த நான்கு எண்களை வைத்து 5,000 இலாபத்தையும் 1,000 ரொக்கக் குறைவையும் நீங்களாகவே இணைத்துக் காட்ட முடிந்தால், மூன்றாம் ஆண்டில் ரொக்க ஓட்ட அறிக்கை வரும்போது அது புதுப் பாடமாகவே இருக்காது.

கட்டாத மின்கட்டணம் இரண்டு இடத்தில் வந்ததைக் கவனித்திருப்பீர்கள்: ஒருமுறை செலவாக, ஒருமுறை பொறுப்பாக. இறுதிச் சரக்கும் அப்படியே. இருப்பாய்வுக்குள் இருக்கும் எண் ஒரே இடத்தில் போகும். வெளியே சரிக்கட்டுதலாகக் கொடுத்த எண் இரண்டு இடத்தில் போகும். தேய்மானம், முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு, வாராக்கடன் ஒதுக்கு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இறுதிக் கணக்குகளில் இருப்புநிலை டேலி ஆகாமல் போவது பெரும்பாலும் இரண்டாவது இடத்தை மறந்ததால்தான்.

டேலி ஆகாதபோது எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். வித்தியாசத் தொகையை முதலில் பாருங்கள். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. இரண்டால் வகுத்துப் பாருங்கள். 1,200 வித்தியாசம் என்றால் 600 ரூபாய் எண் ஒன்று தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஒரு கணக்கையே எடுத்தெழுத மறந்திருப்பீர்கள். தேர்வு அறையில் பத்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். செய்முறைக் குறிப்புகளுக்கு மதிப்பெண் உண்டு. விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

உங்கள் ரொக்க ஏட்டு மீதியையும் வங்கி பாஸ்புக் மீதியையும் ஒப்பிட்டு இணைக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். பணம் வந்தால் பற்று என்று படித்தோம், ஆனால் சம்பளம் ஏறியதும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் கிரெடிட் என்று வருகிறதே? அந்தச் செய்தி வங்கியின் புத்தகத்திலிருந்து எழுதப்பட்டது. உங்கள் பணத்தை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், எனவே அவர்கள் புத்தகத்தில் நீங்கள் கடனீந்தவர். உங்கள் ரொக்க ஏட்டில் பற்றாக இருப்பது அவர்கள் பாஸ்புக்கில் வரவாக இருக்கும். இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால், காசோலை கொடுத்தும் அவர் மாற்றாமல் வைத்திருப்பது, வங்கி தானாகப் பிடித்த கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுவதா கழிப்பதா என்று ஒப்பிக்காமலே சொல்லலாம்.

ஒரு நாளைக்கு ஒரு சம். ஞாயிறும் சேர்த்து. விடையைப் பார்க்காமல், நீள நோட்டில், கட்டம் போட்டு. பன்னிரண்டு இலக்க கால்குலேட்டர் ஒன்று வாங்கி அதன் மெமரி பொத்தான்களைப் பழகிக்கொள்ளுங்கள். நீளமான கூட்டலில் நேரம் நன்றாக மிஞ்சும். செல்போன் கால்குலேட்டரில் பழகினால் தேர்வு அறையில் விரல் தடுமாறும்.

மூன்றாம் படி: சட்டத்தை வழக்குகள் வழியாகப் படியுங்கள்

வணிகச் சட்டத்தின் முக்கால் பாகம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். கூடவே 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டம் வரும். பிரிவு எண்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட, பிரிவுக்கு ஒரு வழக்கு என்று கதையோடு பிடித்துக்கொள்வது மேல்.

நம் ஊர் வழக்கே ஒன்று இருக்கிறது. 1882-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சின்னய்யா எதிர் ராமய்யா. வயதான பெண்மணி ஒருவர் தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைத்தார். தன் கூடப்பிறந்தவருக்கு மகள் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் அப்படியே அவருக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு பணம் தர மறுத்தார்: ‘அவரிடமிருந்து எனக்கு எந்த மறுபயனும் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது) வரவில்லையே, நான் எதற்குத் தர வேண்டும்?’ என்பது மகளின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுபயன் வாக்குறுதி பெறுபவரிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ வரலாம் என்று பிரிவு 2 சொல்கிறது. தாய் கொடுத்த சொத்தே போதுமான மறுபயன். இங்கிலாந்துச் சட்டப்படி இதே வழக்கின் முடிவு வேறாக இருந்திருக்கும். அந்த வேறுபாட்டையும் ஒரு வரி எழுதினால் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

இளவர் ஒப்பந்தத்துக்கு, ஆங்கிலேயர் காலத்தில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்த மொஹோரி பீபீ வழக்கு. பதினெட்டு வயது நிரம்பாதவர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார்கள். ஒருவருக்குத் தெரியாத முன்மொழிவை அவர் ஏற்றதாகக் கொள்ள முடியாது என்பதற்கு 1913-இன் லால்மன் சுக்லா வழக்கு: காணாமல் போன பையனைத் தேடிக் கண்டுபிடித்த வேலைக்காரர், பரிசு அறிவித்தது தனக்குத் தெரியாமலே கண்டுபிடித்ததால் பரிசைக் கேட்க முடியவில்லை. பாவம்தான், ஆனால் சட்டம் அப்படி.

சிக்கல் கேள்விகளுக்கு விடை எழுதும்போது சட்டம் என்ன சொல்கிறது, எந்த வழக்கு பொருந்தும், இந்தக் கேள்வியில் முடிவு என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். ‘ஆம், வழக்குத் தொடரலாம்’ என்று ஒரு வரியில் முடித்தால் முடிவு சரியாக இருந்தாலும் மதிப்பெண் வராது.

நான்காம் படி: பொருளியலுக்கு வரைபடம், புள்ளியியலுக்குச் சந்தேகம்

பொருளியலில் தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, செலவு, சந்தை வகைகள் ஆகிய ஐந்தும் கைவசம் இருந்தால் தாளின் பெரும்பகுதி உங்களுடையது. இதில் பொதுவான பிழை ஒன்று உண்டு. விலை ஏறியதால் வாங்கும் அளவு குறைந்தால் அது தேவைக் கோட்டின் மேலேயே நகர்வது. வருமானம் கூடியதாலோ மாற்றுப் பொருள் விலை ஏறியதாலோ தேவை மாறினால் கோடே இடம் மாறும். மழையில் தக்காளி லாரிகள் குறைந்து கோயம்பேட்டில் விலை எகிறினால் இடம் மாறியது அளிப்புக் கோடு. தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாம்தான் அதன் மேல் நகர்ந்து அரைக் கிலோவோடு திரும்புகிறோம். செய்தி படிக்கும்போதெல்லாம் எந்தக் கோடு நகர்ந்தது என்று கேட்டுப் பழகுங்கள்.

நெகிழ்ச்சி என்பது விலை மாறும் சதவீதத்துக்கு வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்ற விகிதம். அதை எண்ணாகப் போட்டுப் பாருங்கள். விலை 10 ரூபாயிலிருந்து 12 ஆகிறது, அதாவது 20 சதவீத ஏற்றம். விற்பனை 100-லிருந்து 90 ஆகிறது, 10 சதவீத இறக்கம். நெகிழ்ச்சி 0.5. வருவாய் 1,000-லிருந்து 1,080 ஆகக் கூடியிருக்கிறது. நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருக்கும் பொருளுக்கு விலையை ஏற்றினால் ஏன் வியாபாரிக்கு இலாபம் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

புள்ளியியலில் சூத்திரம் பெரிய விஷயம் இல்லை. எதை எப்போது பயன்படுத்துவது என்பதுதான். ஒரு கடையில் ஐந்து பேர் மாதச் சம்பளம் 9,000, 10,000, 10,000, 11,000, 60,000. சராசரி 20,000. அந்தக் கடையில் யாருமே 20,000 வாங்கவில்லை. இடைநிலையும் (வரிசையில் நடுவில் நிற்பது) முகடும் (அதிக முறை வருவது) 10,000. உண்மைக்கு அருகில் இருப்பது அதுதான். திட்டவிலக்கம், கார்ல் பியர்சன் ஒட்டுறவுக் கெழு, பின்னடைவுச் சமன்பாடு ஆகியவற்றுக்கு அட்டவணை பெரிதாக இருக்கும், கூட்டலில் ஒரு இடம் தப்பினால் எல்லாம் போச்சு. ஒட்டுறவுக் கெழு ஒன்றைத் தாண்டி வந்தால் கணக்கு நிச்சயம் தப்பு, திரும்பிப் பாருங்கள். குறியீட்டு எண்களில் லாஸ்பியர், பாஷே, ஃபிஷர் மூன்றும் அடிக்கடி வரும். ஃபிஷர் என்பது முதல் இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்.

மேலாண்மைக் கோட்பாடுகளுக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டெய்லர், ஹென்றி ஃபயோலின் பதினான்கு கோட்பாடுகள், திட்டமிடல் தொடங்கிக் கட்டுப்படுத்தல் வரை உள்ள பணிகள். தலைப்பு, இரண்டு வரி விளக்கம், ஒரு உதாரணம் என்று எழுதினால் நல்ல மதிப்பெண். இதற்காகக் கணக்கு போடும் நேரத்தைத் தின்னாதீர்கள்.

ஐந்தாம் படி: புத்தகத்துக்கு வெளியே இரண்டு வேலை

முதல் செமஸ்டர் விடுமுறையில் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து பாருங்கள். மேலே போட்ட மளிகைக் கடையையே அதில் ஏற்றுங்கள். செலுத்தலுக்கு எஃப்5, பெறுதலுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. இருப்பாய்வையும் இருப்புநிலையையும் மென்பொருளே போட்டுவிடும். அதனாலேயே கையால் போடத் தெரியாமல் இதற்கு வரக் கூடாது என்பேன். தப்பான வவுச்சரில் ஏற்றினாலும் டேலி பேசாமல் டேலி ஆகிவிடும், தப்பை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது, உண்மையான ஆண்டறிக்கை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் அறிக்கைகள் அவரவர் இணையதளத்தில் இலவசம். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கி ஓசூரில் கடிகாரம் செய்துவந்த டைட்டனின் அறிக்கையை எடுத்து இருப்புநிலையில் சரக்கிருப்பைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் நகைக்கடைகளில் இருக்கும் தங்கம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சொத்துகளில் பெரிய எண் அதுதான். பக்கத்தில் மென்பொருள் சேவை நிறுவனமான டிசிஎஸ் அறிக்கையை வைத்துப் பார்த்தால் சரக்கிருப்பு என்ற வரியில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. நானூறு பக்கம் படிக்க வேண்டாம், இந்த ஒரு பக்கம் போதும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வடிவம் கண்ணுக்குப் பழகிவிட்டால் இரண்டாம் ஆண்டில் உதவும்.

ஆறாம் படி: சி.ஏ. எழுதுவதா என்று முதல் ஆண்டிலேயே முடிவெடுங்கள்

சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனில் நான்கு தாள்: கணக்கியல், வணிகச் சட்டம், கணிதம்-தர்க்கம்-புள்ளியியல் சேர்ந்த ஒன்று, வணிகப் பொருளியல். உங்கள் சிலபஸோடு ஒப்பிட்டால் ஒரு பெரும்பகுதி ஒன்றுதான். முதல் இரண்டும் விரித்து எழுதுவது. பின்னிரண்டும் கொள்குறி வகை, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதனால் படித்தது சூடாக இருக்கும் முதல் ஆண்டிலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

எழுத விருப்பமில்லையா, சரி. பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம். ஆனால் அந்த வழியை நம்பி முதல் ஆண்டை மெத்தனமாக விட்டவர்கள் இன்டர்மீடியட்டின் முதல் கணக்குத் தாளிலேயே திணறுவார்கள். அங்கே குறிப்பேடு, பேரேடு என்று யாரும் திரும்பச் சொல்லித்தர மாட்டார்கள்.

புத்தகம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. சீனியரிடமோ பழைய புத்தகக் கடையிலோ கணக்கியல், புள்ளியியல், ஒப்பந்தச் சட்டம் மூன்றையும் தயங்காமல் வாங்கலாம். சிலபஸ் மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் மட்டும் பழைய பதிப்பு வேண்டவே வேண்டாம். 1961-இன் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய புத்தகத்தின் பிரிவு எண்கள் அதில் பொருந்தா.